மரபணுக்கள் பேசாத படம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், மூங்கில் தட்டி அடைத்த சின்னப் பொரிப்பகம் ஒன்று இருக்கிறது. தை மாதத்திலிருந்து கடலாமைகள் கரையேறி முட்டையிடும். நாய்கள் தோண்டித் தின்றுவிடாமல் அந்த முட்டைகளை எடுத்து வந்து இங்கே மறுபடி குழிவெட்டிப் புதைத்து வைப்பார்கள். நான் பணி ஓய்வு பெற்று, என் மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, பிற்பகல்களில் அங்கே போய் உட்காருவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. நானே ஒரு வெப்பமானி வாங்கிக்கொண்டு போனேன். குழிகளுக்குப் பக்கத்து மணலில் அதை இறக்கி எவ்வளவு சூடு என்று பார்ப்பேன்.

காவலுக்கு இருக்கும் மீனவர் முதல் நாளே கேட்டார்.

"இன்னா சார், முட்டைக்கு ஜொரமா?"

மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகும் என்றேன். சூடு ஏறினால் பெண், குறைந்தால் ஆண்.

"சும்மா சொல்லாத சார். நான் பொறந்ததுலேர்ந்து ஆமைய பாத்துகினு கீறேன். வெயில்ல கெடந்தா பொம்பள, நெழல்ல கெடந்தா ஆம்பளயா? அப்ப என்ன எங்க படுக்க வெச்சிருப்பாங்க?"

"மனுஷனுக்கு இல்லீங்க. ஆமைக்குத்தான்."

"சரி, இந்தக் குழில எத்தினி ஆம்பள, எத்தினி பொம்பள, சொல்லேன் பாப்போம்."

"சொல்ல முடியாது. குஞ்சு வெளிய வந்தப்புறமும் பார்த்துச் சொல்ல முடியாது. வளர்ந்து பெருசாகணும்."

"எங்க வூட்ல ஸ்கேன் எடுத்த டாக்டரம்மாவும் இதான் சொல்லிச்சு," என்று சிரித்தார். "கேட்டா உள்ள வெச்சிடுவாங்களாம்."

நானும் சிரித்தேன். சிரித்தபடியே ஸ்கூட்டரை எடுத்தேன். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

எனக்கு ஒரே பிள்ளை. ஒரு மகள். அவள் ஆணுடலோடு பிறந்தவள். அவளுக்கு நான் செய்ததை ஒருமுறையாவது மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆமையை வைத்து அவளை விளக்குவது என் நோக்கம் அல்ல. ஒரு மனுஷியை எதையாவது காட்டி விளக்கிவிடலாம் என்று நினைத்ததுதான் நான் செய்த தவறே.

கடலோர நகரியத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் என் பணிக்காலம் முழுதும் கழிந்தது. கதிர்வீச்சு பட்ட செல் என்ன செய்கிறது என்று பார்ப்பது என் வேலை. செல்லுக்குள் மரபணு இழை எங்காவது அறுந்தால் ஒரு புரதம் உடனே விழித்துக்கொள்ளும். அது வரிசையாகப் பல மரபணுக்களைத் திறந்துவிடும். ஒன்று செல் பிரிவதை நிறுத்தும், ஒன்று அறுந்ததை ஒட்டும். ஒட்ட முடியாத அளவுக்குச் சேதம் என்றால் செல் தன்னையே முடித்துக்கொள்ள இன்னொன்று வழிசெய்யும். வேலை முடிந்ததும் எல்லாம் பழையபடி மூடிக்கொள்ளும். எது திறக்கிறது, எதனால் திறக்கிறது, யார் மூடுவது என்பதைத்தான் நான் ஆண்டுக்கணக்காகப் பார்த்தேன்.

மகள் சின்ன வயதில் இதையெல்லாம் கேட்பாள். நகரியத்தில் எங்களுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில் எல்லா வீடும் ஒரே அச்சு. எந்த வீட்டுக்குள் போனாலும் வலது கைப்பக்கம் அதே இடத்தில் அதே சுவிட்ச் போர்டு இருக்கும். ஒருநாள் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது எதிர் பிளாக்கைக் காட்டி அவளிடம் சொன்னேன்.

"கண்ணுல இருக்கற செல்லும் கல்லீரல்ல இருக்கற செல்லும் இந்த வீடுங்க மாதிரிதான். எல்லாத்துலயும் எல்லா சுவிட்சும் இருக்கு."

"அப்ப எல்லா வீடும் ஒரே வீடாப்பா?"

"இல்ல. எந்த லைட் எரியுதோ, அதை வெச்சுத்தான் அது என்ன வீடுங்கறது."

மூடிய மரபணுவைச் செல் தூக்கி எறிந்துவிடாது என்பதையும் அன்று சொன்னேன். செல் இரண்டாகப் பிரியும்போது, மூடியதை மூடியபடியே அடுத்த செல்லுக்குப் பத்திரமாக எடுத்துக் கொடுக்கும். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. "உபயோகப்படுத்தாததைக்கூட விட மாட்டேங்குதே, அம்மா மாதிரி," என்றாள். என் மனைவி ஹார்லிக்ஸ் பாட்டில்களைக்கூடச் சேர்த்து வைப்பவள்.

அவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். பொறியியல் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். முதலில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பிறகு கூடத்துக்கு வந்து, நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கையால் மெதுவாகத் தாழ்த்தி, "அப்பா, நான் பொண்ணு. ரொம்ப நாளாத் தெரியும். உங்ககிட்ட சொல்லத்தான் பயமா இருந்துது," என்றாள்.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது. கத்துகிற அப்பாவை ஒரு பிள்ளை என்றாவது மன்னித்துவிடும். நான் "சரி, பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டேன்.

எங்கள் ஆய்வில், கதிர்வீச்சுப் படாத ஒருவரின் இரத்தமும் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும். அதைக் கன்ட்ரோல் என்போம். என் இரத்தத்தையும் மனைவியின் இரத்தத்தையும் பலமுறை எடுத்திருக்கிறேன். மகளும் விவரம் தெரிந்த வயதிலிருந்து கொடுத்திருக்கிறாள். அவளுக்கு அதில் பெருமை. வகுப்பில் போய்ச் சொல்வாள். அந்த விடுமுறையில் ஒரு காலை நான் ஊசியும் குழாயும் கொண்டுவந்தபோது, "கன்ட்ரோலாப்பா?" என்று கேட்டுக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டாள். நான் கோபப்படாமல் பழையபடி வேலை கேட்கிறேனே என்று அவள் முகம் தெளிந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஊசியைக் குத்தினேன். "ஆமாம், கன்ட்ரோல்," என்றேன்.

இரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் சும்மா கிடக்கும்போது பிரிவதில்லை. ராஜ்மா பயறிலிருந்து எடுத்த ஒரு சாற்றை அவற்றோடு சேர்த்து உடல் சூட்டில் வைத்தால் விழித்துக்கொண்டு பிரியத் தொடங்கும். சரியாக நடுவில், குரோமோசோம்கள் எல்லாம் சுருண்டு தடித்துத் தனித்தனியாகத் தெரியும் கட்டத்தில், ஒரு நஞ்சை விட்டு நிறுத்த வேண்டும். செங்காந்தள் கிழங்கில் இருக்கும் நஞ்சின் வகை அது. மழைக்காலத்தில் வேலிகளில் படர்ந்து தீப்போலப் பூக்குமே, அந்தக் கொடிதான். அதன் பிறகு செல்லை உப்ப வைத்து, கண்ணாடியில் சொட்டவிட்டு, சாயமேற்றி, படமெடுத்து, சோடி சோடியாக அடுக்குவோம்.

நான் அடுக்கினேன். கடைசிச் சோடியில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஆண் என்று எழுதும் சோடி. அப்படித்தான் வரும் என்று இரத்தம் எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அவள் வாயை அடைக்க எனக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் இது யாருக்கும் தெரியாது. யாரும் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானே தனியாகச் செய்தேன்.

அடுத்த நாள் காலை தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் தட்டுக்குப் பக்கத்தில் படத்தை வைத்தேன்.

"என்னப்பா இது?"

"உன் இரத்தம்தான். பாரு, இதுதான் நீ. ஒவ்வொரு செல்லிலும் இப்படித்தான் எழுதியிருக்கு. நீ ஒண்ணு நினைச்சா, சினேகிதங்க ஒண்ணு சொன்னா இது மாறாது."

அவள் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். முழங்கை மடிப்பில், ஊசி குத்திய இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"கன்ட்ரோலுக்குன்னு சொன்னீங்களே," என்றாள்.

நான் தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டேன்.

"சின்ன வயசுல நீங்கதானேப்பா சொன்னீங்க? எல்லா வீட்டுலயும் எல்லா சுவிட்சும் இருக்கும், எந்த லைட் எரியுதுங்கறதுதான் வீடுன்னு."

"உளறாதேடா. அது வேற, இது வேற."

அடுப்படியிலிருந்து என் மனைவி தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள். அவள் எங்கள் பிள்ளையை எப்போதும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். அன்றும் "கண்ணு, இன்னொரு தோசை போடட்டா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் அன்று காலை பேசப்பட்டவற்றில் மனிதர் பேசிய பேச்சு அது ஒன்றுதான். மகள் தலையை ஆட்டிவிட்டுக் கையைக் கழுவப் போனாள். அன்று மதியமே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் அவளை நிறுத்தவில்லை. கொஞ்ச நாளில் தானே வழிக்கு வருவாள் என்று இருந்தேன்.

அவள் படிப்பை முடித்தாள், வேலைக்குப் போனாள், மருத்துவர்களைப் பார்த்தாள், பெயரை மாற்றிக்கொண்டாள். எல்லாம் என்னை விட்டுவிட்டு நடந்தது. செங்கல்பட்டில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். அங்கிருந்து ரயிலில் சென்னைப் பக்கம் ஓர் ஐ.டி. ஆபீஸுக்குப் போய்வந்தாள். மனைவியோடு தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் பேசுவாள். நான் ஆய்வுக்கூடத்திலிருந்து வீட்டுக்குச் சாப்பிட வந்தால் பேச்சு நின்றுவிடும். அதனால் நான் கொஞ்சம் தாமதமாக வரத் தொடங்கினேன். நல்லது என்று நான் செய்தது அவ்வளவுதான். அதையும் வாய்விட்டுச் சொல்லிச் செய்யவில்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மனைவி திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவாள். அவளுக்கு முழங்கால் வலி. எங்கள் குவார்ட்டர்ஸின் இரண்டு மாடி ஏறவே கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறுவாள். மலை ஏறிவிட்டு வந்த நாட்களில் மட்டும் கால் வலிக்கிறது என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கையில் தேங்காய் எண்ணெய் வாசனை இருக்கும். நான் "தரிசனம் நல்லா ஆச்சா?" என்று கேட்பேன். "நல்லா ஆச்சு," என்பாள். எங்கே போய்வருகிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். "நானும் வரட்டா?" என்று ஒருநாள் கேட்டிருந்தால் போதும். அவள் புடவை மாற்றக்கூட நிற்காமல் என்னை இழுத்துக்கொண்டு போயிருப்பாள். நான் கேட்கவில்லை.

ஒரு புரட்டாசிக் காலையில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவதற்குள் முடிந்துவிட்டது. உடலை எங்கள் ஊருக்குக் கொண்டுபோனோம். அச்சரப்பாக்கத்திலிருந்து உள்ளே போகும் சாலையில் இருக்கிறது அந்த ஊர். அண்ணனும் அண்ணன் மகனும் அங்கே விவசாயத்தோடு லாரியும் ஓட்டுகிறார்கள். பந்தல், பறை, பூ எல்லாவற்றையும் அண்ணன் பார்த்துக்கொண்டார்.

மகளுக்கு யார் சொன்னார்களோ, மறுநாள் முற்பகலில் வந்துவிட்டாள். சாயம் போன பச்சைப் புடவை. அவள் அம்மாவின் புடவைதான், எனக்கு அடையாளம் தெரிந்தது. பின்னல் இடுப்புவரை இருந்தது. யாரையும் பார்க்காமல் நேராகப் போய் அம்மாவின் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அண்ணன் என்னைத் தோளைத் தொட்டுக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார்.

"இன்னாடா தம்பி இது? ஊரே பாத்துகினு கீது. கொள்ளி யாரு வெக்கிறது?"

அண்ணன் மகன் பக்கத்தில் இருந்தான். "நான் வெக்கிறேன் சித்தப்பா. எனக்கும் சித்தி அம்மா மாதிரிதான். உங்க புள்ளய ஒண்ணும் பேஜாரு பண்ணாதீங்க, பாவம்," என்றான்.

வழி இருந்தது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பிள்ளை வழியைத் திறந்து வைத்திருந்தான். அண்ணன்கூடக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்டியும் பண்லாம், தப்பில்ல," என்றார்.

நான்தான் சொன்னேன்: "எனக்குப் பிள்ளை இருக்கான். அவன்தான் வைக்கணும்."

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. தெருமுனை வரை அழுதுகொண்டு வந்து, அங்கே நின்றுவிடுவார்கள். மகளைக் கூப்பிட்டு அதைத்தான் சொன்னேன். பெண்ணாக இருந்தால் தெருமுனையோடு சரி. கடைசிவரை அம்மாவோடு வர வேண்டுமென்றால் வேட்டி கட்டி, மொட்டை போட்டு, மகனாக வரட்டும்.

"நான் அம்மாகூட வரணும்," என்றாள்.

"அப்ப சொன்னதச் செய்."

"அண்ணா கொள்ளி வெக்கட்டும். நான் சும்மா பின்னாடி வரேன். ஓரமா நிக்கறேன்."

"ஊர்ல வழக்கம்னு ஒண்ணு இருக்கு."

அவள் பின்னலை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "போன சனிக்கிழமை அம்மா எண்ணெய் வெச்சுப் பின்னி விட்டது," என்றாள். என்னிடம் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். தன் உடலைப் பற்றியோ உரிமையைப் பற்றியோ அவள் எதுவும் கேட்கவில்லை. அம்மா கை பட்ட முடி என்று மட்டும் சொன்னாள். அந்த முடியிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை எனக்கு வந்தது. என் மனைவியின் கையில் இருந்த அதே வாசனை.

நான் நகரவில்லை.

சுடுகாட்டில் ஒரு கல்லில் உட்கார வைத்து முடியை எடுத்தார்கள். பின்னல் அவிழாமல் அப்படியே விழுந்தது. அப்போது நான் மனதுக்குள் என்ன சொல்லிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். முடியின் வேரில் இருக்கும் செல்கள் சாகவில்லை, அங்கே வளரச் சொல்லும் மரபணுக்கள் திறந்தபடியேதான் இருக்கின்றன, கொஞ்ச காலத்தில் எல்லாம் பழையபடி வளர்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். என் படிப்பு இரண்டாவது முறையாக எனக்கு உதவிக்கு வந்தது, மறுபடியும் அவளுக்கு எதிராக.

அவள் கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றி வந்தாள். ஒரு தப்பும் செய்யவில்லை. முகத்தை மூடும் முன் குனிந்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். கொள்ளி வைத்தாள். குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் வராமல் வாசலில் இருந்தே பையைக் கேட்டு வாங்கினாள். அண்ணன் மகன் பஸ் ஏற்றிவிட வண்டியை எடுத்தான். நான் வாசலுக்குப் போனேன்.

"சாப்பிட்டுட்டுப் போடா," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்காகச் செஞ்சேன். உங்களுக்குப் பிள்ளை வேணும்னா, ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்கீங்களே, அதுல இருக்கானே, அவனை வெச்சுக்குங்க. நான் இனிமே வர மாட்டேன்."

காரியமெல்லாம் முடிந்து நகரியத்துக்குத் திரும்பினேன். ஓய்வு பெற்றதால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாள் நெருங்கியது. மேசை இழுப்பறையில் அந்தப் படம் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது போல அதில் என் பிள்ளை இருக்கிறானா என்று பார்த்தேன்.

குரோமோசோமைப் படமெடுக்க முடிவது, செல் இரண்டாகப் பிரியத் தன்னை முழுக்கச் சுருட்டிக்கொண்ட அந்த ஒரு கட்டத்தில்தான். அந்தக் கட்டத்தில் மரபணுக்கள் அநேகமாக எல்லாமே மூடியிருக்கும். எதுவும் படிக்கப்படுவதில்லை. எந்தச் செய்தியும் வெளியே போவதில்லை. கண்ணின் செல்லும் கல்லீரலின் செல்லும் அந்த நேரத்தில் பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். இது எங்கள் துறையில் முதல் வருட மாணவருக்குத் தெரிந்த விஷயம். நானே பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஓர் உயிர் வாய் திறக்காத கணத்தில், நஞ்சு விட்டு நிறுத்திப் படமெடுத்து, "இதுதான் நீ" என்று அதை என் பிள்ளையின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எதிரில் அவளே உட்கார்ந்து, தன் வாயால் தான் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு விளக்கு எரிகிறது என்று சொன்னவளிடம் வீட்டின் வரைபடத்தைக் காட்டியிருக்கிறேன்.

படத்தைக் கிழிக்கவில்லை. கிழித்தால் நான் அதைச் செய்யவே இல்லை என்று என்றாவது நினைக்கத் தொடங்கிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அவளுக்கு ஃபோன் செய்தேன். என் எண்ணை அவள் தடுத்து வைத்திருந்தாள். பலமுறை முயன்றேன். செங்கல்பட்டு போய், அவள் இருந்த தெருவில் கேட்டேன். அறையைக் காலி செய்துவிட்டாள் என்றார்கள். பிறகு இன்னொரு காரியம் செய்தேன். இதுவும் கன்ட்ரோல் என்று சொல்லி இரத்தம் எடுத்த அதே புத்திதான். மனைவியின் ஃபோனை எடுத்து, ஒரு மதியம், அதிலிருந்து அவளைக் கூப்பிட்டேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். எடுத்ததும் பேசவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தாம்மா," என்றேன். அவளை அப்படி நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியாது.

"இந்த நம்பர்லேர்ந்து கூப்பிடாதீங்க."

"என் நம்பரை நீ எடுக்க மாட்டேங்கறே. ஒரே ஒரு விஷயம் சொல்லணும்..."

"ஸ்க்ரீன்ல அம்மான்னு வந்துது," என்றாள். "கேன்டீன்ல சாப்பிட்டுட்டு இருந்தேன். தட்டை அப்படியே போட்டுட்டு வெளிய ஓடி வந்தேன். நான்தான் கொள்ளி வெச்சேன், எனக்குத் தெரியாதா? இருந்தும் ஓடி வந்தேன்."

ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இனிமே இப்படிப் பண்ணாதீங்க சார்."

சார் என்றாள். அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல நான் தயாராக வைத்திருந்த வாக்கியம் அப்படியே நின்றுவிட்டது. இணைப்பு அறுந்தது.

அதன் பிறகு அந்த ஃபோனிலிருந்து நான் யாரையும் கூப்பிடவில்லை. அணைத்து அலமாரியில் வைத்தேன். ஆனால் எண்ணுக்குத் தவறாமல் ரீசார்ஜ் செய்கிறேன். விட்டுவிட்டால் எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம். என்றாவது அவள் வாட்ஸப்பைத் திறக்கும்போது, அம்மா என்ற பெயருக்குப் பக்கத்தில் யாரோ ஒருவரின் முகம் வந்து நிற்கும். அதை மட்டுமாவது நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ரீசார்ஜ் செய்யும் நாட்களில், எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் ஃபோனைத் திறப்பேன்.

போன முறை திறந்தபோது, குறுஞ்செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஃபோன் அணைந்திருந்தபோது இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது என்று தெரிவிக்கும் செய்திகள். எல்லாம் அவள் எண். எல்லாம் மதியச் சாப்பாட்டு நேரம்.

முதலில் எனக்குப் புரியவில்லை. என்னைத்தான் தேடுகிறாளோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அப்படி இல்லை. என் எண் அவளிடம் இருக்கிறது, அதை அவள் இன்னும் தடுத்துத்தான் வைத்திருக்கிறாள். அணைந்து கிடக்கும் என்று தெரிந்தேதான் அந்த எண்ணைக் கூப்பிடுகிறாள். நீங்கள் தொடர்புகொள்ளும் நபர் ஃபோனை அணைத்து வைத்திருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொல்லும். அதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். வைப்பதற்கு முன் ஏதாவது பேசுகிறாளோ என்னவோ. அம்மா காதில் அன்று குனிந்து சொன்னது போல.

அந்த ஃபோனைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மதியம் காத்திருந்தால் போதும். மணி அடிக்கும், எடுக்கலாம், சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். மகளின் குரலைக் கேட்க எனக்கு இருக்கும் ஒரே வழி அதுதான். ஆனால் அவள் காதில் ஒரு மணி அடித்துவிட்டால் போதும், மறுமுனையில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு அவள் அந்த எண்ணைக் கூப்பிடவே மாட்டாள். அவளிடமிருந்து அம்மாவை இரண்டாவது முறையும் நானே எடுத்துக்கொண்டவன் ஆவேன்.

பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். திரை இருண்டது.

நேற்று பொரிப்பகத்தில் அந்த மீனவர் தென்னை ஓலையோடு நின்றிருந்தார். "வெயிலு தாங்கல சார். ஓல போட்டு மூடலாமா, இல்ல வுட்ரலாமா? நீ சொன்ன கணக்குக்கு, இப்டியே வுட்டா அல்லாம் பொட்டப்புள்ளயா பூடும் போல கீதே."

"என்னைக் கேக்காதீங்க," என்றேன். "வனத்துறைக்காரங்க வருவாங்க, அவங்க சொல்றபடி செய்யுங்க."

"இன்னா சார் நீ, படிச்ச ஆளு."

வெப்பமானியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அந்த ஃபோனை அலமாரியிலிருந்து எடுத்து வந்து, மேசையில் மனைவி உட்காரும் பக்கம் வைத்துக்கொள்கிறேன். அணைந்தபடியே கிடக்கும். இந்த நேரத்தில் எங்கோ ஓர் அலுவலக வராந்தாவில் அவள் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறதோ. இன்று கூப்பிட்டாளா என்பது அடுத்த ரீசார்ஜ் வரைக்கும் எனக்குத் தெரியாது. சோற்றைப் பிசைந்துகொண்டு, அவள் பேசி முடித்திருப்பாள் என்று தோன்றும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.